ஜின்செங், யோகிம்பே, நெருஞ்சில், அமுக்கரா: விறைப்புக் குறைபாட்டுக்கு எது எவ்வளவு உதவும்?

ஆண்மைக்குறைவு என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. ரத்த ஓட்டத்திலோ நரம்பிலோ மனதிலோ வரும் ஒரு கோளாறுக்கு, ஆளையே குறை சொல்லும் பெயர் அது. அந்தக் கூச்சத்தில்தான் பலர் டாக்டரிடம் போகாமல், யாருக்கும் தெரியாமல் மூலிகை மாத்திரை வாங்குகிறார்கள். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்கள், எந்த மூலிகை எப்படிப்பட்டது என்றாவது தெரிந்து வாங்கட்டும்.

முதலில் உடம்பில் நடப்பதைப் பார்ப்போம். ஆசை எழும்போது ஆணுறுப்பின் நரம்புகளும் ரத்தக் குழாய்ச் சுவர்களும் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன. அதனால் உள்ளே இருக்கும் தசை தளர்கிறது, ரத்தம் நிரம்புகிறது. தளர்ந்த தசையை மறுபடி இறுக வைக்க ஒரு நொதி இருக்கிறது. 1998-இல் வந்த சில்டெனாஃபில் (வயாகரா) அந்த நொதியைத்தான் தடுக்கிறது.

ஒப்பிட்டுப் பார்த்தால் அதிகம் சோதிக்கப்பட்டது கொரிய சிவப்பு ஜின்செங். நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைத் தூண்டும் என்பது அதன் மேல் உள்ள நம்பிக்கை. 2002-இல் வெளியான ஒரு சோதனையில் 45 ஆண்களுக்கு 900 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 8 வாரம் கொடுத்தார்கள். அவர்களே மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட காலத்தைவிட முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பல சோதனைகளைச் சேர்த்து அலசிய 2021-ஆம் ஆண்டு ஆய்வு, அந்த எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கிவிட்டது. விறைப்பை அளக்கும் கேள்வித்தாள் மதிப்பெண்ணில் கிடைத்த பலன் மிக அற்பம். ஆனாலும் உறவு கொள்ள முடிகிறது என்று சொன்னவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட அதிகமாக இருக்கலாம் என்கிறது அது. இந்தப் பட்டியலில் ஒன்றை முயன்று பார்க்கலாம் என்று நான் சொன்னால் அது ஜின்செங்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ சர்க்கரை நோய் மாத்திரையோ சாப்பிடுபவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தூக்கத்தையும் கெடுக்கும்.

யோகிம்பே நேர் எதிர். ஆப்பிரிக்க மரம் ஒன்றின் பட்டை அது. அதிலுள்ள யோகிம்பின் வேலை செய்கிறது: 1998-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஏழு சோதனைகளை வைத்து, வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று காட்டியது. அப்படியானால் அதையே வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தச் சோதனைகளில் கொடுத்தது அளந்து தயாரித்த மருந்து. கடையில் விற்கும் பட்டைப் பொடியிலோ யோகிம்பின் எவ்வளவு இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். ரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சு படபடக்கும், பதற்றம் வரும். ஏற்கெனவே இதயக் கோளாறோ பதற்றமோ உள்ளவருக்கு இது பெரிய ஆபத்து.

நெருஞ்சிலையும் அமுக்கராவையும் ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள். நெருஞ்சில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்பது பிரபலமான பேச்சு. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் பெரும்பாலும் அதைக் காட்டவில்லை. விறைப்பு விஷயத்தில் முடிவுகள் கலவை. 180 பேரை வைத்து 2017-இல் வந்த ஒரு சோதனை பலன் இருக்கிறது என்றது. அதைவிடச் சின்ன இன்னொன்று வித்தியாசமே இல்லை என்றது. அமுக்கரா மன உளைச்சலைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அதனால் மனம் சார்ந்த விறைப்புக் குறைபாட்டுக்காவது உதவும் என்று நானும் எதிர்பார்த்தேன். அதற்கென்றே நடத்திய சோதனையில் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

எபிமீடியம் என்ற சீன மூலிகை சோதனைக் கூடத்தில் சில்டெனாஃபில் தடுக்கும் அதே நொதியைத் தடுக்கிறது, ஆனால் மிகப் பலவீனமாக. மனிதர்களிடம் நல்ல சோதனை இல்லாததால் அதை விட்டுவிடலாம்.

சரி, இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது 'ஒரு மணி நேரத்தில் பலன்' என்று வரும் கலவை மாத்திரைக்கு. மூலிகை பொதுவாக அவ்வளவு வேகத்தில் வேலை செய்வதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படிப்பட்ட 'இயற்கை' மாத்திரைகளில் சில்டெனாஃபிலும் அதே வகை மருந்தான டடாலாஃபிலும் ஒளிந்திருந்ததைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையில் அளவாவது தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆணுறுப்புக்குப் போகும் தமனி இதயத் தமனியைவிடச் சிறியது. அதனால் அடைப்பு முதலில் இங்கே தெரியும். நெஞ்சுவலி சில ஆண்டுகள் கழித்து வரலாம். மூலிகையிலேயே காலம் தள்ளினால் அந்த எச்சரிக்கை வீணாகிவிடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் ஜின்செங் வாங்குங்கள்.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் கலவை மாத்திரை பக்கமே போகக்கூடாது. அதில் ஒளிந்திருக்கக்கூடிய சில்டெனாஃபிலும் நைட்ரேட்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும். எப்போதாவது அந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு நெஞ்சு வலித்து அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், கூச்சப்படாமல் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். என்ன மருந்து கொடுப்பது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.