குளிரும் ஈரமும் சேர்ந்த சாலையில் வேகக் காருக்கு எந்த டயர்?

பனி கொட்டும் இடத்தில் டயர் தேர்வு எளிது; குளிர்கால டயரைத் தவிர வேறு பேச்சே இல்லை. நல்ல வெயில் காலத்திலும் குழப்பம் கிடையாது. திண்டாட்டம் இரண்டுக்கும் நடுவில்தான். வெப்பநிலை 0 முதல் 10 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறது, சாலை நாள் முழுக்க ஈரம், ஆனால் பனி விழுவதில்லை. அப்படிப்பட்ட மாதங்களில் 400, 500 குதிரைத்திறன் கொண்ட காரை ஓட்டுகிறவர் முன்னால் நான்கு வகை டயர்கள் நிற்கின்றன: பந்தயத் தடத்துக்காகப் பிறந்த செமி ஸ்லிக், பல வேகக் கார்களில் தொழிற்சாலையிலேயே பூட்டி வரும் கோடைகால டயர், எல்லாப் பருவத்துக்குமான ஆல் சீசன், வேகக் கார்களுக்கென்றே செய்யப்படும் குளிர்கால டயர்.

இவற்றை எந்தக் கணத்தில் வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். சோதனைகள் பெரும்பாலும் புது டயரை, சீராக நீர் பாய்ச்சிய தடத்தில் அளக்கின்றன. நமக்கு ஆபத்து வருவதோ அதிகாலையில் வண்டியை எடுத்த முதல் சில கிலோமீட்டரில், பாதி தேய்ந்த பட்டனோடு (டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள்), முன்னால் போகிற வண்டி திடீரென்று நிற்கும்போது. டயர் தன் உச்சத்தில் என்ன செய்யும் என்பதை ஒதுக்கிவிட்டு, அதன் மிக மோசமான அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் ஒப்பிட்டால் வழக்கமான தரவரிசை தலைகீழாகிவிடுகிறது. இந்த அலசலில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் அதுதான்.

குளிர்ந்த நீர் என்ன செய்கிறது

டயரின் ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் புகுந்து வளைந்து கொடுத்தால்தான் பிடிமானம் கிடைக்கும். குளிரக் குளிர ரப்பர் இறுகுகிறது. கோடைகால டயரின் ரப்பர்க் கலவைக்கு 7 டிகிரி என்று ஓர் எல்லை சொல்வார்கள். அது கோடு கிழித்தாற்போன்ற எல்லை அல்ல. 8 டிகிரியில் நன்றாக இருந்த டயர் 6 டிகிரியில் செயலிழந்து போவதில்லை. இறக்கம் படிப்படியானது, ஒவ்வொரு கலவைக்கும் வேறுபடும். ஆனால் திசை ஒன்றே.

வறண்ட சாலையில் இதற்கு ஒரு மாற்று உண்டு. சற்று நேரம் ஓட்டினால் டயர் தானாகவே சூடேறும். ஈரச் சாலையில் அந்த வழி அடைபடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குளிர்ந்த நீர் ரப்பரின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகிறது. 3 டிகிரி மழையில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் சில டயர்கள் தங்களுக்கு வேண்டிய வெப்பத்தை எட்டுவதே இல்லை.

இன்னொன்று பலர் கவனிக்காதது. 20 டிகிரியில் இருக்கும் நீரைவிட 5 டிகிரியில் இருக்கும் நீர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிசுபிசுப்பானது. சாலைமேல் படர்ந்த மெல்லிய நீர்ப்படலத்தை நசுக்கி வெளியேற்ற அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் டயரிடம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 12 சென்டிமீட்டர் நீளத் தொடுபரப்பு கொண்ட டயரின் ஒரு பட்டன் தரையைத் தொட்டு விலகுவது விநாடியில் ஆயிரத்தில் சுமார் நான்கு பங்கு நேரத்தில்.

வேகக் கார்களின் அகலமான டயர் இதை மேலும் கடினமாக்குகிறது. 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கிய நீரில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது, 225 மில்லிமீட்டர் அகல டயர் விநாடிக்குச் சுமார் 15 லிட்டர் நீரை விலக்க வேண்டும். 305 மில்லிமீட்டர் அகல டயர் 20 லிட்டருக்கு மேல். அகலம் கூடும்போது தொடுபரப்பின் நீளம் குறைவதால், அதிக நீரை விலக்கக் குறைந்த நேரமே கிடைக்கிறது. வறண்ட வளைவில் நமக்குப் பெருமை தரும் அதே அகலம் இங்கே சுமை.

செமி ஸ்லிக்: பேச்சை இங்கேயே முடிக்கலாம்

மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஸீரோ ட்ரோஃபியோ ஆர் போன்றவை அற்புதமான பொருள்கள், அவற்றுக்கான இடத்தில். புதிதாக இருக்கும்போதே பட்டன்களுக்கு இடையிலான பள்ளங்கள் ஆழம் குறைவு, டயரின் வெளி ஓரமான வெளித்தோளில் பெரும்பாலும் வெற்று ரப்பர், கலவையோ சூட்டில்தான் விழிக்கும். குளிர்ந்த மழைக்கு இவை மூன்றுமே எதிரானவை. கார் இந்த டயரோடு வந்திருந்தால் குளிர் மாதங்களுக்கு வேறு ஒரு தொகுதி வாங்கியே ஆக வேண்டும். கழற்றி வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கிடந்த கோடைகால டயரையும் செமி ஸ்லிக்கையும் 5 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் 24 மணி நேரம் வைத்த பிறகே உருட்ட வேண்டும் என்பது பரவலான எச்சரிக்கை. இறுகிய பட்டன் வளையும்போது விரிசல் விடலாம்.

கோடைகால டயரா, குளிர்கால டயரா?

உண்மையான போட்டி இங்கேதான். குளிர் வந்தாலே கோடைகால டயர் ஈரத்தில் படுதோல்வி அடையும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது அப்படியே சரியில்லை. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6 போன்ற முன்னணி டயர்களில் சிலிக்கா நிறைந்த கலவை இருக்கிறது. ஈரப் பிடிமானத்துக்குச் சிலிக்கா செய்த நன்மை பெரிது. பட்டன்கள் பெரியவை, உறுதியானவை. பிரேக் பிடிக்கும்போது சாய்ந்து நழுவுவதில்லை. அதனால் 10 டிகிரி ஈரச் சாலையில் இவை குளிர்கால டயரைவிடச் சீக்கிரம் நிறுத்துகின்றன. 5, 6 டிகிரியில்கூட நல்ல கோடைகால டயர் பிரேக் தூரத்தில் எளிதில் தோற்பதில்லை.

அப்படியென்றால் குளிர்கால டயர் எதற்கு? 5 டிகிரிக்குக் கீழே போகப் போக அதன் பக்கம் தராசு சாய்கிறது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பிடிமானம் எப்படி விட்டுப்போகிறது என்பது. இறுகிய கோடைகால டயர் முன்னறிவிப்பு இல்லாமல் விடுகிறது. பின்சக்கர இயக்கமும் மிகுந்த முறுக்குவிசையும் உள்ள காரில் ஆக்ஸிலேட்டரைச் சற்றே அதிகம் மிதித்தால் பின்பக்கம் ஒரே வீச்சில் விலகும். குளிர்கால டயரின் பட்டன்களில் சைப் எனப்படும் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை நீர்ப்படலத்தை வெட்டி, வளைந்து, நழுவல் தொடங்குவதைக் கைக்கும் இருக்கைக்கும் முன்கூட்டியே சொல்கின்றன. சராசரி ஓட்டுநருக்கு அந்த முன்னறிவிப்பு இரண்டு மீட்டர் பிரேக் தூரத்தைவிட மதிப்புள்ளது.

விலையும் கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் மந்தமாகும், பட்டன்கள் நெளிவதை உணர முடியும், 15 டிகிரி மழையில் நிற்கும் தூரம் தெளிவாகவே நீளும். அந்த நீளலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து ஒரு கார் 30 மீட்டரிலும் இன்னொன்று 35 மீட்டரிலும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கார் நின்ற இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். குளிர்கால டயரை வசந்தத்திலும் விட்டு ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

குளிர்கால டயர் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. அதில் இரண்டு இனங்கள் உண்டு. மிஷெலின் பைலட் ஆல்பின் 5, கான்டினென்டல் வின்டர்கான்டாக்ட் டிஎஸ் 860 எஸ், பிரெல்லி பி ஸீரோ வின்டர் ஆகியவை ஈரத் தார்ச்சாலையையும் வேகத்தையும் மனத்தில் கொண்டவை. உறைபனிப் பரப்புக்காகவே செய்யப்படும் வட ஐரோப்பிய வகை மிக மிருதுவானது. பனிக்கட்டிமேல் நன்றாகப் பிடிக்கும், ஈரத் தாரில் நிற்கத் திணறும். நாம் பேசும் சாலைக்கு இரண்டாம் இனம் பொருந்தாது. கடைக்காரர் 'குளிர்கால டயர்' என்று பொதுவாகச் சொன்னால் எந்த இனம் என்று கேட்க வேண்டும்.

ஆல் சீசன்: ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

ஆல் சீசன் என்றாலே அரைகுறை என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் அதற்கு நியாயம் இருந்தது. இன்று இந்த வகையைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது.

மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2, குட்இயர் வெக்டர் 4 சீசன்ஸ் ஜென் 3 போன்றவை குளிர்காலப் பக்கம் சாய்ந்தவை: அம்புமுனை வடிவப் பள்ளங்கள், பனிச் சான்று, அடக்கமான ஸ்டீயரிங். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ் போன்றவை கோடைப் பக்கம் சாய்ந்தவை. வேகக் கார்களின் பெரிய அளவுகளில் கிடைக்கின்றன, ஸ்டீயரிங் கூர்மையும் பெருமளவு காக்கப்படுகிறது. நம் தேவைக்கு இந்த இரண்டாம் குழுவே பொருத்தம். 3 முதல் 12 டிகிரி வரை ஏறி இறங்கும் மழைக்காலத்தில் இவை எந்த முனையிலும் முதலிடம் பெறாது. ஆனால் எந்த முனையிலும் கைவிடாது. காலையில் 3, மதியம் 12 என்று மாறும் நாளில் அதுதான் வேண்டியது.

டிடபிள்யூஎஸ் வரிசையில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. பட்டனில் டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். தேயத் தேய முதலில் பனிக்குரிய எஸ் மறையும், பிறகு ஈரத்துக்குரிய டபிள்யூ. டபிள்யூ மறைந்தால் மழைக்கு அந்த டயர் முடிந்தது என்று பொருள். எல்லா நிறுவனங்களும் இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.

பக்கச்சுவர்க் குறிகளும் லேபிளும்

மூன்று மலைமுகட்டுக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் பனிமேல் நடத்திய சோதனையின் சான்று. ஈரத் தாரில் அந்த டயர் எப்படி நிற்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எம்+எஸ் என்ற எழுத்துகள் அதைவிடப் பலவீனமானவை. நிறுவனம் தானே பொறித்துக்கொள்ளக்கூடியவை. குளிர் மழைக்கு அதிகம் உதவுவது ஐரோப்பாவில் டயரோடு வரும் தர லேபிளில் உள்ள ஈரப் பிடிமான எழுத்துதான். 2021 முதல் அது ஏ (மிகச் சிறந்தது) முதல் இ வரை. ஆனாலும் அது புது டயரின் பிரேக் தூரத்தை மட்டுமே சொல்லும். தேங்கிய நீரில் மிதப்பதையோ (டயர் தரையைத் தொடாமல் நீர்மேல் சறுக்குவது) வளைவையோ தேய்ந்த நிலையையோ சொல்லாது.

போர்ஷேயின் 'என்' என்ற ஆங்கில எழுத்து, பிஎம்டபிள்யூவின் நட்சத்திரம் போன்ற கார் நிறுவனக் குறிகள் உள்ள டயர் அந்தக் காருக்கென்று பொருத்தி எடுக்கப்பட்டது. கிடைத்தால் அதையே வாங்கலாம். கிடைக்காததால் பழைய செமி ஸ்லிக்கோடு குளிர்காலத்தைக் கடத்துவது தவறு.

நான் எதை எடுப்பேன்

மாதக்கணக்கில் காலை வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே நின்றால், வேகக் கார்களுக்கான குளிர்கால டயர். அதுவும் நிறுவனம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அகலத்தில், பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இடிக்காத சிறிய ரிம்மில். 20 அங்குலத்திலிருந்து 19க்கு இறங்கினால் தோற்றம் சற்றுக் குறையும், நீரை விலக்கும் திறன் கூடும், பள்ளத்தில் ரிம் அடிபடுவதும் குறையும். குளிர் வந்து வந்து போகிற இடத்தில், இரண்டு தொகுதி வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்குக் கோடைப் பக்கம் சாய்ந்த ஆல் சீசன். 7 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் இடமென்றால் நல்ல கோடைகால டயரே போதும், 4 மில்லிமீட்டருக்கு மேல் பட்டன் இருக்கும்வரை.

அந்தக் கடைசி நிபந்தனையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதாலேயே தேங்கிய நீர் வழி விடாது. 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த விலையுயர்ந்த டயரைவிட 7 மில்லிமீட்டர் பட்டன் உள்ள நடுத்தர டயர் கனமழையில் பாதுகாப்பானது. இரண்டு டயர் மட்டும் மாற்ற நேர்ந்தால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்பக்கம் மிதந்தால் பெரும்பாலோர் வேகத்தைக் குறைத்து மீள்வார்கள், பின்பக்கம் மிதந்தால் கார் சுழலும். ஒரு அச்சில் கோடை, மறு அச்சில் குளிர்காலம் என்று கலப்பது எந்த நிலையிலும் கூடாது.

மின்னணு உதவிகளை நம்பி இதில் எதையும் தளர்த்த முடியாது. 992 தலைமுறை போர்ஷே 911 முன்சக்கர வளைவுக்குள் தெறிக்கும் நீரின் ஒலியைக் கேட்டு ஓட்டுநரை எச்சரிக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அதுவும் இருக்கிற பிடிமானத்தைப் பங்கிட மட்டுமே முடியும்.

எந்த வகையை வாங்கினாலும் காற்றழுத்தம் மீதம் இருக்கிறது. 1960களில் விமான டயர்களை ஆராய்ந்த நாசா, பள்ளங்களால் விலக்க முடியாத அளவு நீர் தேங்கியிருந்தால் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டது. அந்தக் கணக்கின்படி 36 பிஎஸ்ஐ உள்ள டயர் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரில் மிதக்கும். 25 டிகிரி அறையில் 36 வைத்த டயர் 5 டிகிரிக் காலையில் 33க்கு அருகே இறங்கிவிடும். மிதக்கும் வேகமும் 95 கிலோமீட்டர் அளவுக்குக் குறையும். ஆகவே அழுத்தத்தை அளக்க வேண்டியது வண்டியை எடுப்பதற்கு முன், இரவெல்லாம் வெளியே குளிர்ந்து நின்ற டயரில். கார் கதவோரம் ஒட்டியிருக்கும் எண் அந்த நிலைக்கானது.