நாஷ்வில்லா, குளோவிஸா?

1956-57ல் டெக்சாஸின் லபக் போன்ற ஊரில் ராக் அண்ட் ரோல் வாசித்த பையன்களுக்கு முதல் பாட்டை எங்கே பதிவு செய்வது என்பது பெரிய குழப்பம். அந்த ஊர்ப் பாடகர் பட்டி ஹாலியும் நண்பர்களும், 'கண்ட்ரி' எனும் அமெரிக்கக் கிராமிய இசைக்குப் பேர்போன நாஷ்வில், சின்ன ஊரான குளோவிஸ் என இரண்டு இடத்திலும் வாசித்துப் பார்த்தவர்கள்.

தூரம்: நாஷ்வில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நியூ மெக்சிகோவின் குளோவிஸ் ஏறக்குறைய 160தான்.

செலவு: நாஷ்வில்லில் டெக்கா என்ற இசைத்தட்டு கம்பெனி பார்த்துக்கொள்ளும், கடிவாளமும் அதன் கையில்தான். குளோவிஸில் ஸ்டூடியோ வைத்திருந்த நார்மன் பெட்டி மணிக்கணக்குப் பார்க்காமல் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். விடிய விடிய வாசிக்கலாம்.

இசை: வித்தியாசம் இங்கேதான். 'தட்'ல் பி த டே' 1956 ஜூலையில் நாஷ்வில்லில் பதிவானது. டெக்கா அதை வெளியிடாமல் கிடப்பில் போட்டது. அதே பாட்டு 1957 பிப்ரவரியில் குளோவிஸில் மறுபடி பதிவாகி, செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம்! டிரம்மர் ஜெர்ரி அலிசனுக்குப் பதினேழு வயது. 'எவ்ரிடே' பாட்டில் அவர் டிரம்ஸை விட்டுவிட்டுத் தொடையில் தட்டியே தாளம் போட்டார். அவசரப்படுத்தும் ஸ்டூடியோவில் இதெல்லாம் நடக்குமா?

உரிமை: டெக்காவுக்குப் பதிந்ததை வேறெங்கும் பதியக் கூடாது என்று ஒப்பந்தம், அதனால்தான் குளோவிஸ் பதிவு ஹாலி பெயரில் வராமல் 'கிரிக்கெட்ஸ்' என்ற குழுப் பெயரில் வந்தது. பெட்டியும் லேசுப்பட்டவர் இல்லை, எழுதியவர்கள் வரிசையில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

கண்ட்ரி பாடகராக வர நினைத்தவருக்கு நாஷ்வில் சரி. சொந்தக் குழுவோடு சொந்த இசையைத் தேடியவர்களுக்குக் குளோவிஸ்தான், ஒப்பந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால்.