மயிலாப்பூரில் ஒரு டெனர் கிதார் வகுப்பு

பாட்டுக்குத் துணையாக டெனர் கிதார் வாசிக்கக் கற்பிக்கும் மயிலாப்பூர் வகுப்பொன்றில் மூன்று மாதங்கள் பயின்றேன். சி, ஜி, டி, ஏ என்று சுருதி சேர்க்கப்படும் இக்கருவியில் 4 தந்திகளே இருப்பதால், 6 தந்திக் கிதாரைப் போல முழங்கையை வீசி மீட்டாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்து, தாளத்தின் முதல் அடிக்குத் தடித்த தந்தியைத் தனியே தொட்டு, மற்ற அடிகளுக்கு ஏனைய தந்திகளை மெல்ல வருடினால் பாடுபவரின் குரல் அமுங்காது என்பதை ஆசிரியர் பொறுமையாக வாசித்துக் காட்டினார். மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடைப் பாடல்களுக்கு ஒவ்வொரு மூன்றையும் கீழ், மேல், கீழ் என்று கீழ்வீச்சிலேயே தொடங்கச் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒவ்வொரு மூன்றிலும் முதலில் வரும் எழுத்தின் அழுத்தம் அதனால் நழுவுவதில்லை. இடக்கை விரல்களைச் சற்றே தளர்த்தித் தந்தியின் ஒலியை அடக்கும் உத்திக்கு ஒரே வகுப்பை ஒதுக்கியதுதான் குறை. அறையில் மின்விசிறியின் இரைச்சலும் உண்டு.