நார்வே கரையோரக் கப்பலா, ஸ்வீடன் கால்வாய்ப் பயணமா? கால அட்டவணையைப் பார்த்து முடிவெடுங்கள்

வடக்கே, கூட்டம் அதிகம் போகாத துறைமுகங்களைச் சின்னக் கப்பலில் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் வந்து நிற்கும். நார்வேயின் பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கனெஸ் வரை போய்த் திரும்பும் கரையோரக் கப்பல் ஒன்று. ஸ்வீடனின் யோத்தா கால்வாய் இரண்டாவது. அப்புறம் ஸ்காட்லாந்தின் கலிடோனியன் கால்வாய், கடைசியாக ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றும் பனிக்கடல் கப்பல். நாங்கள் நான்கையும் பல நாள் அலசிவிட்டு நார்வே கப்பலில், போக வர முழுச் சுற்றுக்குப் பதிவு செய்தோம். போய் வந்த பிறகு அந்த முடிவின் மேல் பிடிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

ஸ்வால்பார்டுக்கு நான் போனதில்லை. பதிவு செய்யும் கட்டம் வரை வந்து நிறுத்திக்கொண்டோம். 78 டிகிரி வடக்கில் லாங்இயர்பியன் ஊரிலிருந்து கிளம்பும் பயணங்கள் இவை. 2025 ஜனவரி 1 முதல் அங்கே விதிகள் இறுகிவிட்டன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்கவும் குறித்துக் கொடுத்த இடங்கள் மட்டும்தான். பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். கரடிகளின் நலனுக்கு மிகச் சரியான விதி. ஆனால் விளம்பரப் படத்தில் இருப்பதுபோல கரடி கப்பல் ஓரம் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள். இன்னொன்று, ஸ்வால்பார்ட் நார்வேயின் கையில் இருந்தாலும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப இரட்டை நுழைவு விசா வாங்க வேண்டும். செலவும் நான்கில் இதற்குத்தான் அதிகம். காட்டு விலங்கும் பனிப்பாறையும்தான் உங்கள் நோக்கம் என்றால் மற்ற மூன்றும் இதற்கு ஈடாகாது. எங்களுக்கு ஊர்களும் மனிதர்களும் வேண்டியிருந்தது.

கலிடோனியன் கால்வாய் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைக்கிறது. 1803இல் தொடங்கி 1822இல் திறந்தார்கள். தாமஸ் டெல்ஃபோர்டின் வேலை. ஏறக்குறைய 97 கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வெட்டிய கால்வாய், மீதி லாக் நெஸ் முதலான இயற்கை ஏரிகள். லாக்கு என்றால் இருபுறமும் கதவடைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை வேறு மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி. பானவியில் அப்படி எட்டு லாக்குகள் அடுத்தடுத்துப் படிக்கட்டாக ஏறும் இடம் ஒன்று போதும் டெல்ஃபோர்டுக்குத் தலை வணங்க. ஆனால் இதை நடந்தும் சைக்கிளிலும் கரையிலிருந்தே முழுதாகப் பார்த்துவிடலாம். நீளவாக்கில் பாதையே போட்டிருக்கிறார்கள். கப்பலுக்கென்று செலவழிக்க அது ஒரு காரணமாகப் படவில்லை.

யோத்தா கால்வாய் அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. 190 கிலோமீட்டர், 58 லாக்குகள், அதில் 87 கிலோமீட்டர் மனிதக் கையால் வெட்டியது. 1810இல் தொடங்கிய வேலை 1832இல் முடிந்தது. முன்னின்று நடத்திய பால்ட்சர் ஃபான் பிளாட்டன் 1829லேயே இறந்துவிட்டார். மோட்டாலாவில் கால்வாய்க் கரையிலேயே அவர் கல்லறை இருக்கிறது. வேட்டர்ன், வேனர்ன் என்ற இரண்டு பெரிய ஏரிகளைத் தாண்டிப் போகும் இந்தப் பாதையில் ஓடும் பழைய பயணக் கப்பல்கள் மூன்று: 1874இல் கட்டிய யூனோ, 1912இன் வில்ஹெல்ம் தாம், 1931இன் டயானா. ஐம்பது, அறுபது பேர்தான் ஏற முடியும். கேபினில் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஒரு கழுவுதொட்டி. கழிப்பறையும் குளியலறையும் நடைவழியில், எல்லோருக்கும் பொது.

இந்தக் கப்பலில் நான் இரவு தங்கியதில்லை. பெர்க் என்ற இடத்தில் பகல் படகில் லாக் ஏறியிருக்கிறேன், அங்கே நின்று பெரிய கப்பல் ஏறுவதையும் பார்த்தேன். ஏழு லாக்குகள் தொடராக, மொத்தம் சுமார் 19 மீட்டர் உயரம். கப்பலுக்கும் கல்சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்கூட இருக்காது. மரக்கட்டைகளைச் சுவருக்கும் கப்பலுக்கும் இடையில் தொங்கவிட்டு, அவை அரைபட்டு நார் நாராகத் தெறிக்கத் தெறிக்க, கப்பல் உள்ளே போகிறது. தண்ணீர் ஏற ஏற, கீழே பச்சைப் பாசிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பயணிகள் மெல்ல மேலே வந்து, புல்தரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளோடு நேருக்கு நேர் பேசுகிற உயரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் காட்சிக்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. கடல் நோய் பயம் உள்ளவர்களுக்கும் இதுதான் சரி. சில ஏரிப் பகுதிகளைத் தவிர ஆட்டமே இல்லை. லாக்கில் கப்பல் ஏறிக்கொண்டிருக்கும்போது இறங்கி, கரையோரம் நடந்து அடுத்த லாக்கில் ஏறிக்கொள்ளலாம்.

பிறகு ஏன் இதை விட்டோம்? ஒரு இரவுக்கான கட்டணம் நார்வே கப்பலைவிடக் கூடுதல், ஓடுவது மே முதல் செப்டம்பர் வரை மட்டும். இவை சின்னக் காரணங்கள். பெரிய காரணம், இந்தக் கப்பல் இன்று பயணிகளுக்காகவே ஓடுகிறது. கரையில் இருப்பவர்களுக்கு அது அழகான காட்சி, அவ்வளவுதான். நார்வே கப்பலுக்காகக் கரையில் ஆட்கள் வேலையோடு காத்திருக்கிறார்கள்.

நார்வே கரையோரப் பாதை 34 துறைமுகங்களைத் தொடுகிறது. போக வர பதினொரு இரவு. இப்போது இரண்டு நிறுவனங்கள் அரசு ஒப்பந்தத்தில் இதை நடத்துகின்றன. ஹுர்டிக்ரூட்டனுக்கு ஏழு கப்பல், 2021இல் சேர்ந்த ஹவிலாவுக்கு நான்கு. இரண்டும் ஒரே பாதை, ஒரே அட்டவணை. ஹவிலா கப்பல்கள் புதியவை, பெரிய பேட்டரி வைத்தவை. ஹுர்டிக்ரூட்டன் கப்பல்கள் பலவும் 1990களில் கட்டியவை, ஊர் நினைவுகள் ஏறியவை. எதில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுதான் என்பதால் இந்தத் தேர்வில் நேரம் செலவழிக்க வேண்டாம். சில நூறு பேர் ஏறும் கப்பல் இது, யோத்தா கப்பலோடு வைத்தால் பெரியதுதான். ஆனால் ஐயாயிரம் பேர் ஏறும் உல்லாசக் கப்பல் எட்டிக்கூடப் பார்க்காத ஊர்களின் துறையில் இது நேராகப் போய் ஒட்டி நிற்கும்.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை துறைமுகம் என்ற எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இந்தப் பாதை பிறந்ததே கடிகாரத்தால்தான். 1893க்கு முன் நார்வேயின் நடுப்பகுதியில் உள்ள டிரான்ட்ஹைமிலிருந்து வட கோடியில் உள்ள ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை ஆகுமாம். டிரான்ட்ஹைமுக்கு வடக்கே மொத்தம் 28 கலங்கரை விளக்கங்கள்தான் இருந்தன. இருட்டில் கரையோரப் பாறைகளுக்கு நடுவே கப்பல் ஓட்ட யாரும் முன்வரவில்லை. ரிச்சர்ட் வித் என்ற கேப்டனும் ஆண்டர்ஸ் ஹோல்ட்டே என்ற வழிகாட்டி மாலுமியும் ஏற்கெனவே திசைகாட்டி, வேகம், நேரம் மூன்றையும் குறித்துவைத்துக்கொண்டே ஓட்டியிருந்தார்கள். இத்தனை நிமிடம் இந்தத் திசை, பிறகு இத்தனை நிமிடம் அந்தத் திசை. அந்தக் குறிப்பை வைத்து இரவிலும் ஓடலாம் என்று வித் ஒப்புக்கொண்டார். 1893 ஜூலை 2ஆம் தேதி வெஸ்டெரோலன் கப்பல் டிரான்ட்ஹைமிலிருந்து கிளம்பியது.

இரவிலும் ஓடுவதால்தான் இந்தச் சேவை வேகமானது. அதனால்தான் பயணிக்குச் சிக்கலும். வடக்கே போகும்போது பாதித் துறைமுகங்கள் நாம் தூங்கும் நேரத்தில் வருகின்றன. ஹாமர்ஃபெஸ்ட் விடியற்காலை ஐந்து மணி வாக்கில். வார்டோ இன்னும் மோசம், மூன்று மணிக்கு மேல். ரிசோய்ஹாம்ன் பக்கத்தில், ரிச்சர்ட் வித்தின் முயற்சியால் தோண்டி 1922இல் திறந்த ஆழம் குறைந்த கால்வாய்ப் பாதையை நாம் தூங்கும்போதே தாண்டிவிடும். திரும்பும்போது இதே ஊர்கள் பகலில் வருகின்றன. ஹாமர்ஃபெஸ்டில் முற்பகலில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். வார்டோவில் மாலை நான்கு மணியை ஒட்டி இறங்கி, பழைய கோட்டை வரை விறுவிறுவென்று நடந்துவிட்டு வரலாம். ரிசோய் கால்வாயில் கப்பலின் இரண்டு பக்கமும் மிதவைக் குறிகள் கிட்டத்தில் நகர்ந்து போகும், மணல் அடி தெரியும் பச்சைத் தண்ணீர். அப்புறம் ஸ்டோக்மார்க்னெஸ், அங்கே ஒரு பழைய கரையோரக் கப்பலையே முழுதாகக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு ராஃப்ட்சுண்ட் நீரிணை. மறுநாள் ஏழு சகோதரிகள் மலைத்தொடர், நடுவில் துளை விழுந்த டோர்காட்டன் மலை. அந்தத் துளை 160 மீட்டர் நீளம். வடக்கே போகிறவர்கள் இதைத் தூக்கத்தில் தாண்டியிருப்பார்கள்.

நேர்மாறாக ட்ரொம்சோ. போகும்போது பிற்பகலில் நான்கு மணி நேரம், திரும்பும்போது நள்ளிரவு. ஹோனிங்ஸ்வோக்கும் போகும்போதுதான் பகலில் மூன்றரை மணி நேரம் நிற்கும், நார்த் கேப் என்ற நிலமுனைக்குப் பேருந்தில் போய்வரலாம். ஆக, முழுச் சுற்று என்பது பார்த்ததையே மறுபடி பார்ப்பது அல்ல. இரவில் விட்டதைப் பகலில் எடுத்துக்கொள்வது. பலர் செலவைக் குறைக்க வடக்கே போகும் பாதியை மட்டும் வாங்குகிறார்கள். அட்டவணையை இரண்டு நெடுவரிசையாக எழுதிப் பகல் நேரத் துறைகளை வட்டமிட்டுப் பாருங்கள், எவ்வளவு விட்டுப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பல துறைகளில் நிற்பது கால் மணி நேரம்தான். அதைக் குறையாகச் சொல்பவர்களோடு சண்டை போட மாட்டேன். ஊர் சுற்ற அது போதாது. ஆனால் அந்தக் கால் மணியில் மேல்தளத்தில் நின்று பாருங்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறக்கும். மஞ்சள் விளக்கு சுழலும் ஃபோர்க்லிஃப்ட், பலகை பலகையாகச் சாமான்களை இறக்கிவிட்டு, மீன் பெட்டிகளை உள்ளே ஏற்றிவிட்டுப் பின்னாலேயே வெளியே வரும். பைகளோடு இரண்டு மூன்று உள்ளூர்க்காரர்கள் இறங்குவார்கள், ஒரு கார் அவர்களுக்காக இன்ஜினை நிறுத்தாமல் காத்திருக்கும். கயிறு கழலும், கப்பல் போய்விடும். தாமதமாக வருபவருக்காக நிற்காது. படி ஏறும்போது கேபின் அட்டையை இயந்திரத்தில் காட்ட வேண்டும், அதன் ஒலி கேட்டால்தான் நீங்கள் கப்பலுக்குள் இருப்பதாகக் கணக்கு.

பெர்லெவோக் போன்ற ஊர்களில் இந்த நிறுத்தத்தின் மதிப்பு புரியும். அலைத்தடுப்புச் சுவரைக் கடல் திரும்பத் திரும்ப உடைத்துப்போட, 1970கள் வரை பெரிய கப்பல் அங்கே துறையில் ஒட்ட முடியாது. ஆட்களையும் சாமானையும் சின்னப் படகில்தான் கரை சேர்த்தார்கள். பக்கத்து ஊரான போட்ஸ்ஃப்யோர்டின் மீன் ஆலைகளுக்கு ஈழத்துத் தமிழர்கள் வேலைக்கு வந்து, ஒரு காலத்தில் ஊர் மக்கள்தொகையில் கணிசமான பங்காக இருந்தார்கள். பலர் பிற்பாடு ஆஸ்லோ பக்கம் போய்விட்டார்கள். அந்தத் துறையை மேல்தளத்திலிருந்து பார்த்தபோது, இந்தக் குளிரில் வந்து குடும்பம் நடத்தியவர்களை நினைத்து மனது கனத்தது.

சில எச்சரிக்கைகள். முழுச் சுற்றில் சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்துவிடும், கரைப்பயணங்கள் பெரும்பாலும் தனிச் செலவு, நார்வே குரோனரில் கூட்டிப் பார்த்தால் கை சுடும். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ட்ரொம்சோவையும் டிரான்ட்ஹைமையும் நடந்தே பார்க்கலாம். ஸ்டாட், ஹுஸ்டாட்விக்கா, வெஸ்ட்ஃப்யோர்ட் ஆகிய திறந்த கடல் பகுதிகளில் கப்பல் நன்றாகவே ஆடும், மாத்திரை எடுத்து வையுங்கள். ட்ரோல்ஃப்யோர்ட் என்ற குறுகிய கடல்நுழைவின் வாய் நூறு மீட்டர் அகலம்தான், வானிலை சரியில்லை என்றால் உள்ளே போகாது, அதை உறுதியாக எண்ணிப் போகாதீர்கள். நாங்கள் போனது வெளிச்சம் அணையாத மாதத்தில். துருவ ஒளிக்காகக் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு நான் மேலே சொன்ன இரவு, பகல் கணக்கு அப்படியே பொருந்தாது. டிசம்பரில் ட்ரொம்சோவில் சூரியன் எழுவதே இல்லை, பகல் நேரத் துறை என்பதே சில மணி நேர அந்தி வெளிச்சம்தான்.

லீவும் பணமும் பாதிச் சுற்றுக்குத்தான் தாங்கும் என்றால், பலரும் வாங்கும், வடக்கே போகும் பாதியை விட்டு, கிர்க்கனெஸிலிருந்து தெற்கே திரும்பும் பாதியை எடுங்கள். ஐந்து இரவு. ஸ்டோக்மார்க்னெஸ் இருக்கும் வெஸ்டெரோலன் தீவுகளும், ஏழு சகோதரிகள் நிற்கும் ஹெல்கெலாண்ட் கரையும் பகலில் கிடைக்கும், நார்த் கேப்பும் ட்ரொம்சோவும்தான் கைவிட்டுப் போகும். கிர்க்கனெஸில் கப்பல் பகல் பன்னிரண்டரை வாக்கில் கிளம்பிவிடும். அன்று காலை விமானத்தை நம்பாமல் ஆஸ்லோவிலிருந்து முந்தின நாளே போய் அங்கே ஒரு இரவு தங்கிவிடுங்கள்.