கடலோர ஆஸ்பத்திரி ஒன்று: பகல் ஷிப்ட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, ராத்திரி ஷிப்ட்டுக்கு ஐந்துக்கு இரண்டு

பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். போட்டால் கீழே நான் சொல்லப்போகிற அக்கா யார் என்று அங்கே ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அவர் வேலைக்கு நானே உலை வைத்த மாதிரி ஆகிவிடும். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் 50 படுக்கைக்கு உட்பட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். மாமியாருக்கு 70 வயது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று பாதிப் பேர் கேட்டார்கள், கேட்கத்தான் செய்வார்கள். வீட்டுக்குப் பக்கம், மாற்றி மாற்றி ஆள் இருக்க முடியும் என்பதால் இங்கே சேர்த்தோம். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது பெரும்பாலும் நான்தான்.

டாக்டர் நல்ல டாக்டர். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஏற்கெனவே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது வார்டைப் பற்றி, அதிலும் வெள்ளை யூனிபார்ம் போட்ட சிஸ்டர்களும் மெரூன் சேலை கட்டிய நர்சிங் அசிஸ்டெண்ட் அக்காக்களும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி. அவர்கள் எப்படிப் பேசினால் நமக்கென்ன, நம் ஆள் குணமானால் சரி என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், ஏனென்றால் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிற ஆளின் முதுகுத் தோல் புண்ணாவதும் ஆகாமல் இருப்பதும் பாதிக்கு மேல் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் ஐந்து நிமிஷம் நிற்பார். சிஸ்டர் ஊசி, மாத்திரை, பி.பி., சர்க்கரை, சார்ட் எழுதுவது என்று கட்டில் கட்டிலாக ஓடிக்கொண்டே இருப்பார். நோயாளியை உண்மையில் தொட்டுப் புரட்டி, துடைத்து, பெட் பேன் வைத்து எடுத்து, ஊட்டிவிட்டு, யூரின் பேக்கைக் காலி செய்வது அசிஸ்டெண்ட் அக்கா. தோல் எங்கே சிவந்திருக்கிறது, இட்லி எத்தனை உள்ளே போனது, நேற்றைவிட இன்று பேச்சு குழறுகிறதா என்பதெல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படும். ஆனால் சார்ட்டில் அவர் எழுத முடியாது. அவர் பார்த்தது டாக்டர் காதுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற சிஸ்டர் கேட்டாக வேண்டும். கேட்கிற சிஸ்டர் இருக்கிற வார்டு நல்ல வார்டு. என் அளவுகோல் இவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சேர்த்த அன்று சாயங்காலம் கேஷுவாலிட்டியில் காத்திருந்தபோது, கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்காலுக்குக் கீழே ரத்தம், கத்து கத்தென்று கத்துகிறான். சிஸ்டருக்குச் சின்ன வயது, பேச்சில் மதுரைப் பக்கம் தெரிந்தது. கட்டைப் பிரிப்பதற்குள் அசிஸ்டெண்ட் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது திருக்கை முள்ளு. வெந்நீர் கொண்டாரவா?" என்றார். வேறு இடமாக இருந்தால் இதற்குக் கிடைக்கிற பதில் நமக்குத் தெரியும். இந்தப் பெண் திரும்பி, "எவ்வளவு சூடுக்கா வைப்பீங்க?" என்று கேட்டார், அங்கிருந்தே டியூட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னார், அவரும் தலையாட்டினார். அக்கா பேசின் நிறையக் கொண்டு வந்தார். அதில் பையனின் காலை வைப்பதற்கு முன்னால் சிஸ்டர் தன் கையை விட்டுப் பார்த்து, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலக்கச் சொன்னார். அதுவும் சரிதான், வலியில் துடிக்கிறவனுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது, வெந்து போய்விடும். திருக்கை விஷம் சூட்டில் சிதைகிற வகை, 45 டிகிரி அளவு வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி இறங்கும் என்பதை மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது, நம் கடற்கரையிலும் காலங்காலமாகத் தெரியும். அரை மணி நேரத்தில் பையன் கத்தலை நிறுத்திவிட்டான். அப்புறம் டி.டி. ஊசி, முள் உடைந்து உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே. படித்தவருக்குத் தெரிந்தது ஒன்று, கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரிந்தது ஒன்று, இரண்டும் அந்த பேசினில் சண்டையில்லாமல் சேர்ந்தன. இந்த ஆஸ்பத்திரி தேறும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

வார்டில் பகல் இன்சார்ஜ் சிஸ்டர் இன்னும் ஒரு படி மேல். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஹேண்டிங் ஓவர் என்று ஒன்று நடக்கும். பல இடங்களில் அது மேஜையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் பார்த்துச் சிஸ்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு சரி. இவர் ராத்திரி சிஸ்டரையும் ராத்திரி அசிஸ்டெண்ட்டையும் சேர்த்துக் கட்டில் பக்கத்துக்கே கூட்டி வந்துவிடுவார். சார்ட்டை வாங்கிப் பார்த்த பிறகு அசிஸ்டெண்ட்டிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா, என்ன சாப்பிட்டாங்க, மோஷன் போனாங்களா, முதுகு எப்படி இருக்கு?" என்று தனியாகக் கேட்பார். ஒரு நாள் அந்த அக்கா கொஞ்சம் தயங்கி, ராத்திரி ரெண்டு மணிக்கு அப்புறம் யூரின் பேக் அவ்வளவாக ஏறவில்லை என்றார். ராத்திரி சிஸ்டர் முகம் சுருங்கியது, சார்ட்டில் அது இல்லை. இன்சார்ஜ் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை விலக்கி டியூபைக் கையால் தடவிக்கொண்டே போனார். தொடைக்கடியில் வைத்திருந்த தலையணைக்குக் கீழே டியூப் மடங்கிக் கிடந்தது. எடுத்து நேராக்கியதும் பேக்கில் சரசரவென்று இறங்கியது. சர்க்கரைக்காரருக்குச் சிறுநீர் குறைந்தால் கிட்னியா, தண்ணீர் பற்றவில்லையா என்று எங்கெங்கோ போய்த் தேடியிருப்பார்கள், ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், பில்லிலும் ஏறியிருக்கும்.

ரெண்டு மணிக்கே பார்த்ததை ஏன் எட்டு மணி வரை வைத்திருந்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், பிற்பாடு, தனியாக. "சொன்னா திட்டு விழும்மா" என்றார்.

அதற்கு முந்தைய ராத்திரி என் கண் முன்னாலேயே நடந்தது அது. அக்கா மாமியாரை ஒருக்களித்துத் துடைக்கும்போது முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கிற இடத்தில், சிவந்திருப்பதைப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார், அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும், அது வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் அதுதான், அந்த நேரத்தில் கவனித்தால் தோல் உடையாமல் காப்பாற்றிவிடலாம். போய் ராத்திரி சிஸ்டரிடம் சொன்னார். அவர் தலையை நிமிர்த்தாமலே, "நீ என்ன டாக்டரா? போய் உன் வேலையைப் பாரு" என்றார், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. அக்காவுக்கு அந்தச் சிஸ்டரின் அம்மா வயது இருக்கும். வாயே திறக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அந்த இரண்டு மாதமும் இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அப்படிப்பட்டவர் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? ஒரு தடவை வாயை அடைத்தால் அடுத்த தடவை கண்ணில் பட்டதும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். டியூப் விஷயம் அப்படி நின்றதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். இடுப்பு ஆபரேஷன் ஆனவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதை ஒருத்தர் செய்யக் கூடாது. பகலில் சிஸ்டரே கால் பக்கம் நிற்பார், இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை நழுவாமல் பிடித்துக்கொள்வார், அக்கா தோள் பக்கம், அடியில் விரித்த மடிப்புத் துணியைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கித் திருப்புவார்கள். மாமியார் முனகக்கூட மாட்டார். ராத்திரியில் அக்கா கூப்பிட்டாலும் சிஸ்டர் வர மாட்டார், அக்கா தனியாக இழுப்பார், தூக்க முடியாமல் இழுக்கும்போது தோல் மெத்தையில் உராயும். அந்தச் சிவப்புக்கு அதுவும் ஒரு காரணம். நான் ஒரு பக்கம் பிடித்தேன், எனக்கு முறை தெரியாது, அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். அக்காவே இடுப்பு வலிக்குப் பட்டை கட்டியிருக்கிறார், அது தனிக் கதை.

ராத்திரி சிஸ்டர் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒருதலையாகிவிடும். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேரம், மொத்த வார்டுக்கும் அவர் ஒருத்தர்தான். எங்கேயாவது தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான், ஏனென்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவு இருப்பது அவருக்கு. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ என்றால் மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம் படித்துவிட்டு வருகிறார்கள். அசிஸ்டெண்ட்டுகளில் சிலர் வரம்பு மீறுவதும் உண்டு, பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் ட்ரிப்ஸ் வேகத்தைத் தானே கூட்டி வைத்ததை நான் பார்த்தேன், ஆபத்தான வேலை. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பகல் இன்சார்ஜ் அதே விஷயத்துக்கு அவரை மருந்து ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார், வெளியே வந்தபோது இருவர் முகமும் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த அக்கா ட்ரிப்ஸ் பக்கமே போகவில்லை, முடியப்போகிறது என்றால் ஓடிப்போய்ச் சொல்வார். கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு என்று அந்த இன்சார்ஜ் அம்மாளுக்கு யாரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

சம்பளமும் இதில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2016ல் மத்திய அரசு போட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியானாலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். சிறிய ஊர்களில் எத்தனை இடத்தில் அந்தத் தொகையைக் கண்ணில் காட்டுகிறார்கள் என்று எந்த சிஸ்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். அசிஸ்டெண்ட் அக்காக்களின் பாடு அதற்கும் கீழே. மேலே இருந்து வாங்குகிற எரிச்சலைக் கீழே இறக்குவது ஒன்றும் புதிதில்லை. அதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ராத்திரிக்கு இன்னொரு சிஸ்டரைப் போட நிர்வாகத்துக்கு வசதி இருக்கிறது, வாசலில் புதிதாக வைத்திருக்கிற கண்ணாடிக் கதவைப் பார்த்தாலே தெரிகிறது.

நாமும் யோக்கியமில்லை. சிஸ்டரைப் பார்த்தால் எழுந்து நிற்கிற சொந்தக்காரர்கள், அசிஸ்டெண்ட்டைப் பார்த்தால் "ஏய் ஆயா, இதை எடு" என்கிறார்கள். பார்வையாளர் நேரத்தில் வந்த எங்கள் உறவுக்காரர் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டார், மாமியாரே படுக்கையிலிருந்து அதட்டிவிட்டார். காசு விஷயம்: இங்கே யாரும் என்னிடம் கை நீட்டவில்லை. டிஸ்சார்ஜ் அன்று நானாகக் கொடுத்ததையும் அக்கா வாங்கவில்லை, கேமரா இருக்கிறது என்றார். அதற்குப் பதிலாக எல்லா ஷிப்ட்டுக்கும் சேர்த்து ஒரு டப்பா பனங்கருப்பட்டி மிட்டாய் வாங்கி வைத்தேன், அது போனது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பாத்ரூம் சுத்தம், ஆனால் குழாய்களில் உப்புப் படிந்து திருகவே வராது, குடிக்கத் தண்ணீர் வெளியே கேன்தான். கேண்டீன் கஞ்சி நன்றாக இருக்கிறது, காபியைத் தொடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் சேர்வதற்கு முன்பே கவுன்ட்டரில் உங்கள் சிகிச்சை அதில் வருகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். பார்க்கிங் இல்லை, ரோட்டோரம்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உடனே எடுக்கிறது.

படுக்கையோடு கிடக்கிற ஆளைச் சேர்க்கிறவர்களுக்கு ஒன்று: முதல் நாளே யார் சிஸ்டர், யார் அசிஸ்டெண்ட், இன்சார்ஜ் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அசிஸ்டெண்ட் அக்கா உங்களிடம் ஏதாவது முணுமுணுத்தால் அதை அவர் பெயரைச் சொல்லாமல், நீங்களே பார்த்த மாதிரி சிஸ்டரிடம் கேளுங்கள். முதுகுச் சிவப்பை நான் அப்படித்தான் காலையில் இன்சார்ஜிடம் கொண்டுபோனேன். அன்றே காற்று மெத்தை வந்தது, திருப்பிப் படுக்க வைக்கிற நேரத்தை எழுதக் கட்டில் காலில் ஒரு தாள் தொங்கியது, தோல் உடையவில்லை.

டிஸ்சார்ஜின்போது கருத்துப் படிவத்தில் ராத்திரி ஷிப்ட்டைப் பற்றி முழுசாக எழுதிக் கொடுத்தேன். நர்சிங் சூப்பரின்டெண்ட் உட்கார வைத்துப் படித்தார், ராத்திரிக்கு ஆள் பற்றவில்லை என்பதை ஒத்துக்கொண்டார், அந்த அசிஸ்டெண்ட் யார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ராத்திரியும் கட்டில் பக்கத்து ஹேண்டிங் ஓவரைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொன்னார், செய்தார்களா என்று இனிமேல் சேர்கிறவர்கள்தான் எழுத வேண்டும்.

மொத்தமாகக் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பிசியோதெரபிக்கு இன்னும் அங்கேதான் கூட்டிப் போகிறோம், பகலில்.