கால் மணிக்கு ஒரு கணக்கு: என் ஸ்மார்ட் மீட்டர்

மாட்டி மூன்று மாதம் ஆகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிய மின்சாரத்தைப் பதிகிறது. நாளுக்கு 96 பதிவுகள். பழைய மீட்டரில் மொத்த யூனிட் மட்டும்தான்.

மீட்டரின் செயலியில் பார்த்தால், காலை 6 மணிக்கான 15 நிமிடத்தில் 0.5 யூனிட். ஒரு மணிக்கு நாலு கால் மணி என்பதால் நாலால் பெருக்கினால் 2 கிலோவாட். சரி, வாட்டர் ஹீட்டர். ஆனால் இரவு முழுக்க ரெண்டு மணிக்கு ஒருமுறை 0.1 யூனிட் எட்டிப் பார்த்தது. யாரும் குளிக்கவில்லையே! ஹீட்டரை அணைக்காமல் விட்டிருக்கிறோம். தண்ணீர் ஆற ஆற அதுவே சூடாக்கியிருக்கிறது. இப்போது படுக்கும் முன் சுவிட்சைப் பார்த்துவிடுகிறேன்.

ஒரே குறை, இன்றைய வரைபடம் மறுநாள்தான் செயலியில் வருகிறது. உடனுக்குடன் காட்டினால் எவ்வளவு உதவியாக இருக்கும்! இருந்தாலும் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம்.