பழுதான பழைய சிந்தசைசர்: கோர்க் பாலிசிக்ஸா, ரோலண்ட் ஜூனோ-106ஆ?

கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சிந்தசைசரை, அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கீபோர்டை, வாங்கி வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்களிடம் இந்த இரண்டு பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். பாலிசிக்ஸ் 1981இல் வந்தது, ஜூனோ-106 1984இல். இரண்டிலும் 61 கட்டைகள், ஆறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். எதன் நாதம் மேல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை, அது தீராத வழக்கு. மூடியைக் கழற்றினால் எது எவ்வளவு வேலை வைக்கும் என்பதுதான் இங்கே கணக்கு.

இரண்டுக்கும் ஆளுக்கொரு தீராத வியாதி உண்டு. பாலிசிக்ஸில் அது கேஎல்எம்-367 என்ற சர்க்யூட் போர்டில் இருக்கிறது. சேமித்த 32 ஒலிகளை மறக்காமல் வைத்திருக்க அதில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருந்தார்கள். வயதானால் அது கசியும். கசிவது காரம் என்பதால் சுற்றியுள்ள செப்புத் தடங்களை மெல்ல அரித்துவிடும். மொத்தக் கருவிக்கும் மூளை அந்த போர்டுதான். அதனால் அறிகுறிகளைப் பார்த்தால் பேட்டரி மேல் சந்தேகமே வராது: பட்டன் விளக்குகள் கண்டபடி எரியும், ஒலி தானாக மாறும், சுருதி விலகும். ஆசிலேட்டர் (சுரத்தைப் பிறப்பிக்கும் சுற்று) போச்சு என்று நினைத்து நல்ல போர்டுகளைக் குடைபவர்கள் நிறைய.

ஜூனோ-106இன் வியாதி 80017ஏ என்ற சிறு மாட்யூல். ஒவ்வொரு குரலுக்கும் ஒன்று வீதம் ஆறு இருக்கின்றன. ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டரும் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் சுற்றும் ஒரே சிறு தகட்டில் அமைந்து, கருப்புப் பிசினால் பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சே நாளடைவில் லேசாக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. விளைவு: ஒரு குரல் ஊமையாகும், அல்லது கரகரக்கும், அல்லது கையை எடுத்த பிறகும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது ஜூனோவில் சுலபம். கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சோதனை நிலைக்குப் போய்விடும். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். கெட்டது மூன்றா, ஐந்தா என்று ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் தெரிந்துகொள்ளலாம். பாலிசிக்ஸை வாங்கும்முன் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

முதல் நாள் வேலை இரண்டுக்கும் ஒன்றே. பின்பக்கம் எழுதியுள்ள வோல்டேஜைப் பாருங்கள், ஜப்பான் சந்தைக்கான கருவி என்றால் 100 வோல்ட்டாக இருக்கும். பிறகு மல்டிமீட்டரை வைத்து உள்ளே +15, -15, +5 வோல்ட் மூன்றும் சரியாக வருகிறதா என்று அளந்த பிறகே மற்றதெல்லாம்.

ஜூனோவைச் சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, 80017ஏவைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தெடுப்பது. செலவு சொற்பம், பல சமயம் உயிரும் வந்துவிடும். ஆனால் கால்கள் மெல்லியவை, உரிக்கும்போது உடையும். உள்ளே இருக்கும் சிப்பே செத்திருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். இன்னொன்று, புதிதாகச் செய்து விற்கும் மாற்று மாட்யூல்களை வாங்கிப் போடுவது. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. அதுவும் ஆறையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். இன்று நன்றாக இருக்கும் பழையதும் அதே பிசினுக்குள்தான் இருக்கிறது. கழற்றும்போது அவசரப்பட்டால் போர்டின் தடமே சால்டரோடு பெயர்ந்து வரும். நேரம் கொடுத்துக் கழற்றி, மாட்யூலைச் செருகி எடுக்கும் சாக்கெட் வைத்துவிட்டால் அடுத்த முறை சால்டரிங் இரும்பைச் சூடாக்க வேண்டாம். ஆசிலேட்டர்களை டிஜிட்டல் கடிகாரம் கட்டுப்படுத்துவதால் குரலுக்குக் குரல் சுருதி சேர்க்கும் வேலை இல்லை. ஃபில்டர், ஒலியளவு டிரிம்மர்களை (போர்டில் உள்ள சிறு சரிப்படுத்தும் திருகுகள்) திருகுவதோடு முடிந்துவிடும்.

பாலிசிக்ஸில் பணம் குறைவு, பொறுமை அதிகம். பேட்டரியை வெட்டியெடுத்து, காரத்தை நீர்த்த வினிகரால் முறித்து, கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு பச்சைப் பூச்சுக்கு அடியில் கருத்த தடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்த இடங்களில் கம்பி இழுக்க வேண்டும். புதிய பேட்டரியைப் போர்டிலிருந்து தள்ளி வையுங்கள். லித்தியம் என்றால் மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டையோடு கட்டாயம், அந்தச் சுற்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். இத்தனைக்கும் பிறகு ஆறு அனலாக் ஆசிலேட்டர்களைச் சூடேறவிட்டு, டிரிம்மர் டிரிம்மராகச் சுருதி சேர்க்க வேண்டும்.

மாற்றியமைப்பு என்று வரும்போதுதான் கணக்கு திரும்புகிறது. பாலிசிக்ஸ் பிறந்தபோது மிடி (இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசும் முறை) என்ற ஒன்றே கிடையாது. அதனால் மிடி சேர்ப்பது அதற்கு ஆடம்பரமல்ல, தேவை. கிவிடெக்னிக்ஸ் நிறுவனத்தின் கிவிசிக்ஸ் என்ற மாற்று போர்டு அந்த 367 போர்டையே தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பழுதுபார்ப்பும் மாற்றமும் ஒரே வேலையாகிவிடுகிறது, அரிப்பு எவ்வளவு ஆழம் என்ற கவலையும் போகிறது. கழற்றிய பழைய போர்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஜூனோ-106இல் மிடி பிறவியிலேயே உண்டு, 128 ஒலிகளுக்கு இடமும் உண்டு. அதற்கும் கிவி-106 என்ற மாற்றுக் கருவித்தொகுதி உண்டு. முந்தைய ஜூனோ-60இல் இருந்து 106இல் காணாமல் போன ஆர்ப்பெஜியேட்டரை (அழுத்திய சுரங்களைத் தானாக ஒவ்வொன்றாக வாசிக்கும் வசதி) அது திரும்பக் கொண்டுவருகிறது. நல்லதுதான். ஆனால் அது இல்லாமலும் 106 குறையின்றி வாசிக்கும். லித்தியம் பேட்டரிக்கு ஒரு ஹோல்டர் வைத்தால் போதும். அதற்குமுன் ஒலிகளை மிடி வழியாகவோ டேப்பிலோ சேமித்துக்கொள்ளுங்கள்.

சால்டரிங் இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் ஜூனோவை வாங்குங்கள். எத்தனை குரல் போயிருக்கிறதோ, விலையை அத்தனைக்குக் குறைத்துக் கேளுங்கள். கை பழகியவர் என்றால் என் ஓட்டு பாலிசிக்ஸுக்கு. கருவியைத் தன் விருப்பப்படி மாற்ற ஆசைப்படுபவருக்கும் அதேதான். ஆனால் 367 போர்டின் தெளிவான படத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், கிவிசிக்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியிருந்தால் தவிர.